நாலும் இழுக்கிற வண்டி

அட்டையை விரித்து அதன்மேல் மண்டியிட்டு, டயரின் பள்ளத்துக்குள் அளவு ஊசியை இறக்குகிறார். உள்விளிம்பில் ஒரு முறை, நடுவில் ஒரு முறை, வெளிவிளிம்பில் ஒரு முறை. பிறகு அட்டையை இழுத்துக்கொண்டு முழங்காலாலேயே அடுத்த சக்கரத்துக்கு நகர்கிறார். எழுந்து நடந்தால் என்ன குடி முழுகிவிடும் என்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் அடுக்குமாடியின் அடித்தளத்துக்கு வண்டி எடுக்க வருகிறவர்கள் இந்தக் காட்சியைத் தாண்டித்தான் போக வேண்டும். நான்கு டயரும் ஒரே அளவில் தேய்ந்திருந்தால் "பாஸ்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். இல்லாவிட்டால் அன்று முழுக்க அவர் முகத்தில் விழிக்க முடியாது.

அவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. கண்ணைப் பரிசோதித்து, வில்லையை வெட்டி, சட்டத்தில் பொருத்தி, காதுக்கு மேல் உறுத்துகிறதா என்று இரண்டு தரம் கேட்டுத்தான் ஆளை அனுப்புவார். வேலையில் குறை சொல்ல முடியாது. சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பொடி ஸ்க்ரூடிரைவர் இருக்கும். பேசிக்கொண்டிருக்கும்போதே நம் மூக்கிலிருந்து கண்ணாடியைக் கழற்றி, ஆடுகிற காலை முடுக்கி, மறுபடி மாட்டிவிடுவார். நம்மைக் கேட்கும் வழக்கமெல்லாம் கிடையாது.

கட்டடத்தில் அவருக்கு வைத்த பெயர் 'ஆல் வீல்'. காரணம் அந்தக் கார். ஒரு காலத்தில் வசதியான வீட்டு வாலிபர்கள் பறந்துகொண்டிருந்த வேக ரக வண்டி. நான்கு கதவு இருந்தாலும் மனசுக்குள் தன்னைப் பந்தயக் கார் என்று நினைத்துக்கொண்டிருப்பது. இப்போது சாம்பல் நிறம் கூரையில் வெளுத்துவிட்டது. முகப்பு விளக்கு மஞ்சளடிக்கும்போதெல்லாம் கடையிலிருந்து வில்லை தேய்க்கும் பசையைக் கொண்டுவந்து பளபளவென்று ஆக்கிவிடுவார். இந்த ரக வண்டிகளில் பெரும்பாலும் இன்ஜின் பின் சக்கரம் இரண்டைத்தான் சுழற்றும், அவைதான் வண்டியை இழுக்கும். இவருடையதில் நான்கும் இழுக்கும், அதற்குத்தான் ஆல் வீல் டிரைவ் என்று பெயர். அதைக் கேட்டுக் கேட்டு எங்களுக்கெல்லாம் காது புளித்துவிட்டது.

கடையில் இன்னும் மோசம். கண் பரிசோதிக்கும் மிஷினில் தாடையை வைத்துக்கொண்டிருப்பவன் எங்கே ஓடுவான். "கடைசி வரியைப் படிங்க. சரி. உங்க வண்டி முன்னாடி இழுக்குதா, பின்னாடி இழுக்குதா? பின்னாடியா? மழைல எடுக்காதீங்க. ரெண்டு கால்ல நிக்கிறவனை யாரு வேணா தள்ளிரலாம். நாலு காலையும் ஊனி நிக்கிறதைத் தள்ளிப் பாருங்க." வில்லையை மாற்றிப்போட்டு, "இப்ப தெளிவா இருக்கா?" என்பார். எதைக் கேட்கிறார் என்று தெரியாமலேயே ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தவர்களில் நானும் ஒருவன்.

வாங்கிய நாளிலிருந்து அந்த வண்டி அவரை நிம்மதியாக விட்டதில்லை. முன்னுக்கும் பின்னுக்கும் இழுவையைப் பங்கு பிரித்துக் கொடுக்க நடுவில் ஒரு பெட்டி உண்டு. நான்கு டயரும் சமமாகத் தேயாவிட்டால் அது சூடேறிக் கெட்டுவிடும். ஒரு டயரில் ஆணி ஏறி ஒட்டுப் போட முடியாமல் போனால் நான்கையும் சேர்த்து மாற்ற வேண்டும். போன வருஷம் அப்படித்தான் மாற்றினார், மற்ற மூன்றும் புதுசு மாதிரி இருந்தும். முன் சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் சிந்தும். பெட்ரோல் குடிப்பதைப் பற்றி அவரே பேச மாட்டார். தெருமுனை மெக்கானிக்கிடம் கேட்டால் சிரிப்பார். "சும்மா சொல்லக் கூடாது சார், அந்த வண்டி எனக்கு மாசச் சம்பளம் மாதிரி."

தினமும் காலையில் இன்னொன்று நடக்கும். வண்டியை வெளியே எடுக்கும் முன் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையின் கதவைத் திறந்து வைத்துவிட்டு நிற்பார். அவர் மனைவி லிஃப்டிலிருந்து கைத்தடியோடு வருவார். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். திறந்த கதவைத் தாண்டி, அது அங்கே இருப்பதாகவே காட்டிக்கொள்ளாமல், சரிவில் ஏறி பஸ் நிறுத்தத்துக்குப் போய்விடுவார். இவர் கதவைச் சாத்திக்கொண்டு கிளம்புவார். சண்டை இல்லை, முறைப்பு இல்லை. வீட்டில் ஒன்றாகத்தான் சாப்பிடுகிறார்கள். பஸ் படி உயரம், டீச்சருக்கு ஒரு முழங்கால் மடங்காது, கம்பியைப் பிடித்துத் தூக்கித்தான் ஏற வேண்டும். ஏழு வருஷமாக ஏறிக்கொண்டிருக்கிறார்.

ஏன் என்பதற்கு ஆல் வீலிடம் ஒரு கதை தயாராக இருக்கிறது. இதற்கு முன் இதே மாடல், இதே நிறத்தில் ஒரு வண்டி வைத்திருந்தார். அதில் பின் சக்கரம் மட்டும் இழுக்கும். ஒரு மழை நாளில் பாலத்துக்கு இறங்கும் வளைவில் அதன் பின்பக்கம் சறுக்கிச் சுழன்று, டீச்சர் உட்கார்ந்திருந்த பக்கம் சுவரில் போய் மோதியது. இவருக்கு ஒரு கீறல் இல்லை. "வேகமே கிடையாது சார். வண்டியோட அமைப்பு அப்படி. நாலும் இழுத்திருந்தா அன்னைக்கு அவ நடந்தே வீட்டுக்கு வந்திருப்பா." ஆஸ்பத்திரியிலிருந்து டீச்சர் வீடு வருவதற்குள் இந்த வண்டியை வாங்கி நிறுத்திவிட்டார்.

மெக்கானிக்கின் கதை வேறு. அதை அவர் என்னிடம் சொன்னது ஒரு மதியம், என் வண்டிக்கு எண்ணெய் மாற்றிக்கொண்டே. "அந்தப் பழைய வண்டிக்குப் பின்னாடி ரெண்டு டயரும் மொட்டை சார். நாலும் மாத்துங்கன்னேன். இப்ப ரெண்டு போதும்னாரு. சரி, புதுசைப் பின்னாடி போடுறேன்னேன். ஸ்டியரிங் முன்னாடிதானே இருக்கு, முன்னாடி போடுன்னாரு. முன்னாடி இருந்ததும் தேஞ்சதுதான், அதைக் கழட்டிட்டு புதுசை அங்க போட்டேன். மொட்டை பின்னாடியே இருந்துச்சு. மழைல அது எப்படித் தரையைப் பிடிக்கும்? அதுக்கும் எத்தனை சக்கரம் இழுக்குதுங்கறதுக்கும் என்ன சம்பந்தம்? நாலு இழுத்தா கிளம்ப வசதி. நிக்கிறதுக்கும் வளையிறதுக்கும் எந்த வண்டிக்கும் டயர்தான்."

"இதை அவர்கிட்ட சொன்னீங்களா?"

"போடும்போது ஒரு தடவை சொன்னேன். அப்புறம் எதுக்கு? வர்ற பொழப்பைக் கெடுத்துக்கவா?" துணியில் கையைத் துடைத்துக்கொண்டார். "அந்த அம்மா அங்கதான் ஸ்டூல்ல உக்காந்துட்டு இருந்தாங்க. எல்லாம் கேட்டுட்டுத்தான் இருந்தாங்க."

அன்றிலிருந்து எனக்கு இவர்மேல் ஒரு ஆத்திரம் உண்டு, மெக்கானிக்மேலும்தான். இந்த வண்டி ஒரு மழையில்கூட வழுக்கியதில்லை என்று இவர் மார்தட்டுவது உண்மை. வாரா வாரம் டயரை அளக்கிறவர் வண்டி எப்படி வழுக்கும்? அந்த அக்கறையை, இந்த வண்டி கேட்கிறது, அதனால் செய்கிறேன் என்றே சொல்லிக்கொள்கிறார். நாலு சக்கர இழுவையில் பெரிய பிரயோஜனம் இல்லை என்று அவர் ஒரே ஒரு முறை ஒப்புக்கொண்டால், அந்த முழங்காலுக்கு ஜவாப் சொல்ல பழைய வண்டி வராது. அவரேதான் சொல்ல வேண்டும். ஊரெல்லாம் பிடித்து வைத்துப் பேசுவது அதற்குத்தான் என்று தெரிந்த பிறகு, அந்தப் பேச்சைக் கேட்டுச் சிரிக்கவும் முடிவதில்லை, எழுந்து போகவும் முடிவதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நல்ல மழை. அவர் இரண்டாவது சக்கரத்தில் இருந்தார். மூன்றாவது மாடி நர்ஸ் போனை நீட்டிக்கொண்டு வந்து நின்றாள். வேகமாக ஓட்ட ஆசைப்படுகிற பெண். இவருடைய மாடலிலேயே இரண்டு பழைய வண்டி விலைக்கு வந்திருக்கிறது. ஒன்றில் நாலும் இழுக்கும், ஆனால் நிறைய ஓடியது. இன்னொன்றில் பின் இரண்டு மட்டும். கம்மியாக ஓடியது, நன்றாகப் பராமரித்தது. எதை வாங்கலாம்?

கரும்பு தின்னக் கூலியா என்கிற மாதிரி இவர் நிமிர்ந்தார். "இதுல யோசிக்கவே ஒண்ணும் இல்லம்மா. ஓடினா ஓடட்டும், நாலும் இழுக்கிறதை எடு."

அந்த நேரத்தில் லிஃப்ட் திறந்து டீச்சர் வந்தார். முழங்கால் பயிற்சிக்குப் போகிற நாள். சரிவில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. தடியை ஊன்றி ஏற முடியாது என்று பார்த்ததும் தூண் பக்கமாக நின்றுகொண்டார். கார்க் கதவு வழக்கம்போல அவருக்காகத் திறந்தே இருந்தது. நான் என் வண்டிச் சாவியை வைத்துக்கொண்டு, போகவும் மனசில்லாமல் நின்றேன்.

நர்ஸ் இந்தக் கட்டடத்துக்குப் புதுசு. "டீச்சர், நீங்க சொல்லுங்க. இதுல உக்காந்து போறப்ப வித்தியாசம் தெரியுதா?"

"நான் இதுல ஏறினதில்லம்மா. பழசுல உக்காந்திருந்தேன்." குரலில் கோபம் ஒன்றும் இல்லை.

அந்தப் பெண்ணின் பார்வை தடிக்கும் முழங்காலுக்கும் போய் வந்தது. இவர் அவசரமாகப் புகுந்தார். "அதைத்தாம்மா நானும் சொல்றேன். அந்த வண்டிக்கு மட்டும் நாலும் இழுத்திருந்தா..."

"ரெண்டுல எது வேணா வாங்கிக்கோ," என்றார் டீச்சர், அவர் பேசியதே காதில் விழாத மாதிரி. "ஆனா அவர்கிட்ட வேற ஒண்ணு கேட்டுக்கோ. பின்னாடி மட்டும் இழுக்கிற வண்டி. பின் டயர் ரெண்டும் தேஞ்சு போச்சு. கையில புது டயர் ரெண்டே ரெண்டு இருக்கு. அதை எங்க போடணும்னு கேளு."

வகுப்பில் கணக்குச் சொல்கிற அதே நிதானம். ஏழு வருஷத்தில் அவர் வாயிலிருந்து இந்த விஷயமாக ஒரு சொல் வந்து நான் கேட்டதில்லை. இவர் கையிலிருந்த அளவு ஊசி டயரிலேயே குத்தி நின்றது. நர்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை. மரியாதைக்காகத் திரும்பி, "எங்க சார் போடணும்?" என்றாள்.

வாய் ஓயாத மனிதர். மெக்கானிக்கை, ரோட்டை, மழையை, வண்டி செய்தவனை எல்லாரையும் இழுத்து ஒரு மணி நேரம் பேசக்கூடியவர். டீச்சரைப் பார்த்தார். டீச்சர் அவரைப் பார்க்காமல் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவர் எழுந்திருக்கவில்லை. முன் சக்கரத்தின் பக்கத்திலிருந்து அட்டையை இழுத்துக்கொண்டு, முழங்காலாலேயே பின்பக்கம் நகர்ந்துபோய், பின் டயரின்மேல் கையை வைத்தார்.