இரண்டு விரல்

"அசையாத."

"நான் எங்க அசையறேன்? உங்க கைதான் ஆடுது."

மனைவி கட்டிலில் குப்புறப் படுத்திருந்தாள். கட்டுப் பிரித்த இடது கால் பழைய துண்டின்மேல் கிடந்தது. அவர் அறை வாசலில் நின்று, மகள் வாங்கி அனுப்பிய புதுப் போனை இரண்டு கையாலும் பிடித்துப் படம் எடுத்தார். எடுத்த கையோடு நர்ஸுக்கு அனுப்பினார்.

கெண்டைக்காலில் வந்த கட்டியை அறுத்து, முந்தாநாள்தான் வீட்டுக்கு விட்டிருந்தார்கள். சர்க்கரை உள்ள உடம்பு. காயத்தைச் சுற்றிச் சிவந்திருந்த இடத்துக்கு நர்ஸ் நீலப் பேனாவால் எல்லை போட்டிருந்தாள். சிவப்பு அந்தக் கோட்டுக்குள் நின்றால் பயமில்லை. தாண்டினால் உடனே கூட்டி வர வேண்டும். மதியத்திலிருந்து மனைவிக்கு உடம்பு கொதித்தது. ஆஸ்பத்திரி என்றாலே கையெடுத்துக் கும்பிட்டாள். போன தடவை சும்மாவே நாள் முழுக்க உட்கார வைத்துவிட்டார்களாம். நர்ஸ் படத்தைப் பார்த்து வா என்றால்தான் வருவாளாம்.

போன் அடித்தது. நர்ஸ்தான்.

"சார், இதுவும் பொரிப்பொரியா வந்திருக்கு. மணலை அள்ளிக் கொட்டின மாதிரி. கோடு எது, தோல் எதுன்னே தெரியலை."

"புதுப் போனுங்க."

"இருக்கட்டும். நீங்களே பாத்துச் சொல்லுங்களேன். சிவப்பு தாண்டியிருக்கா?"

அவர் கட்டிலைப் பார்த்தார். உடனே ஜன்னலைப் பார்த்தார்.

"சரியாத் தெரியலைங்க."

"டாக்டர் கிளம்பறதுக்குள்ள அனுப்பிடுங்க. விட்டா காலையிலதான்."

வெளியூரில் இருக்கும் மகளைப் போனில் கூப்பிட்டார். அவள் அங்கிருந்தே அதட்டினாள்.

"லென்ஸைத் துடைச்சீங்களா?"

"துடைச்சேன், துடைச்சேன்."

"எதால?"

"சட்டையால."

"அந்தக் கிரீஸ் சட்டையாலயா? நல்லா இருக்கு. கேமரா மேல ஒட்டி வந்த தாளையாவது எடுத்தீங்களா?"

"அதை எதுக்கு எடுக்கணும்? புதுசா இருக்கட்டும்னு…"

"அப்பா! எடுங்க முதல்ல."

நகத்தால் நெம்பி எடுத்தார். சுத்தமான துணியால் துடைத்தார். விளக்குகளை எல்லாம் போட்டார். மறுபடி வாசலில் நின்று எடுத்தார். அதே மணல். அனுப்பிய படத்தை மகளும் பார்த்துவிட்டு, போன்தான் கோளாறு, திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றாள். அவருக்கு ஏனோ கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். கீழே நடக்கிற ஆட்கள் கட்டைவிரல் அளவுக்குத் தெரியும் உயரத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, கப்பல் சரக்குப் பெட்டியை மயிரிழை பிசகாமல் லாரியில் இறக்குவார். கூட்டாளிகள் வைத்த பெயர் உச்சாணி. எதையும் எட்டி நின்று பார்ப்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. கிட்டப் போவதுதான் ஆகாது. மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரி சைக்கிள் நிறுத்துமிடத்தில் நின்றிருந்தார். யாருக்காவது ரத்தம் வந்தால், தண்ணீர் கொண்டு வருகிறேன் என்று போகிறவர் எல்லாம் முடிந்த பிறகு சொம்போடு வருவார். இப்போதும் கட்டைப் பிரித்தது பக்கத்து வீட்டுக்காரிதான். பிரித்துப் போட்டுவிட்டு, அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று அவள் போய்விட்டாள்.

அவர் மறுபடி போனைத் தூக்கினார். மனைவி தலையணையிலிருந்து முகத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"அது என்ன, கண்ணாடி மேல ரெண்டு விரலை வெச்சு அப்படி விரிக்கறீங்க?"

"கிட்ட கொண்டு வரேன்."

"எதை?"

"காலை."

 காய்ச்சல் நடுக்கத்தில் அவள் பற்கள் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னாள்:

"கால் இங்கதானே இருக்கு. எழுந்து ஓடிடுமா? நீங்க வர வேண்டியதுதானே?"

"இல்ல, போன்லயே பெருசாக்கலாம். அதுக்குத்தான் இது."

"ஏங்க, நான் என்ன கப்பல் பெட்டியா? உச்சாணியிலேர்ந்து கொஞ்சம் இறங்கி வாங்க."

அவர் திரையிலிருந்து விரலை எடுத்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்க்காமலேயே டாக்டர் கிளம்பச் செருப்பு மாட்டிக்கொண்டிருப்பார் என்று தெரிந்தது.

வாசலைத் தாண்டினார். கட்டிலருகே வாடை வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டார். போனைக் காலுக்கு மேலே பிடித்தபோது தோலின் சூடு மணிக்கட்டில் பட்டது. திரையில் விரல் வைக்கவில்லை. மயிர்க்கால்கூடத் தனித்தனியாகத் தெரிந்தது. நீலக் கோடு தெரிந்தது. எடுத்து அனுப்பினார். பிறகு போனைத் தாழ்த்திவிட்டு வெறுங்கண்ணால் பார்த்தார்.

"தாண்டிடுச்சா?" என்றாள்.

"ம்."

"எவ்வளவு?"

அவர் கோட்டுக்கு வெளியே விரலை வைத்து அளந்தார். அவள் வலியில் மூச்சை இழுத்தாள்.

"ரெண்டு விரல்" என்றார்.

நர்ஸ் பதில் அனுப்புவதற்குள் பரண்மேல் இருந்த பையை இறக்கிவிட்டார். பதில் வந்தது: டாக்டரை நிறுத்தி வைத்திருக்கிறேன், உடனே வாங்க.

மறுநாள் காலை காயத்தை மறுபடி திறந்து சீழ் எடுத்தார்கள். மதியம் காய்ச்சல் இறங்கியது, சிவப்பு இறங்கவில்லை. பொறுத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். மகள் பஸ்ஸில் வந்து சேர்ந்தாள். போனை வாங்கி, மணல் படங்களை ஒவ்வொன்றாக அழித்தாள். சாயங்காலம் கட்டு மாற்ற வந்த நர்ஸ், யாராவது ஒருத்தர் காலைத் தூக்கிப் பிடிக்க வேண்டும் என்றாள். அவர் பிடித்தார். பாதியில் தலை சுற்றியது. ஸ்டூல் கொண்டு வந்து போட்டார்கள். உட்கார்ந்துகொண்டு பிடித்தார்.