நெற்றிச் சுழி

உவைஸ் குதிரையை அடிக்காதவன். எகிப்தின் கீஸாவில் எங்கள் லாயத் தெருவில் அது அதிசயம். மற்றவர்கள் என் சேணக் கடைக்கு வந்து பல் வைத்த கடிவாளம் கேட்பார்கள். இவன் மெத்தென்ற கயிறு கேட்பான். சேணங்களுக்கு நடுவே தொங்கும் கிளிக்கூண்டுகளையும் நாய்ப் பட்டைகளையும் பார்த்துச் சிரிப்பான். தொழில் தெரிந்தவன் என்று என்னை உஸ்தா என்பான்.

"என்ன உஸ்தா, நாய்தான் சோறு போடுதோ?"

"போடுது. நாய் வளக்குறவன் பேரம் பேசுறதில்ல. நீ பேசிட்டு வாங்காமலே போயிருவ."

அவனிடம் இருந்தது நவ்வாரா என்ற சாம்பல் நிறப் பெண்குதிரை ஒன்றுதான். நெற்றியில் ஒன்றன் கீழ் ஒன்றாக இரண்டு சுழிகள். கபர்ச் சுழி, அதாவது புதைகுழிச் சுழி என்போம். வாங்கியவன் வீட்டில் வருஷத்துக்குள் குழி வெட்ட வைக்கும். அதனால்தான் அது அவன் கைக்கு எட்டியது. இரண்டு வருஷம் பழக்கினான். மத்தளத்துக்குக் கால் மாற்றி ஆடும், மண்டியிடும், வெடிச் சத்தத்தில் அசையாமல் நிற்கும். பார்க்க வந்தவர்கள் வாய் பிளந்தார்கள். பிறகு நெற்றி மயிரைத் தூக்கிப் பார்த்தார்கள். ஒருவர் தேநீரைக்கூடக் குடிக்காமல் எழுந்துபோனார்.

"நீ நம்புறியாடா?" என்று கேட்டேன்.

"ரெண்டு வருஷமா என்கிட்டதான் நிக்குது. எனக்கு என்ன ஆச்சு?"

"லாயத்துல படுக்குறவன் நீ. வீடிருந்தாத்தானே சாவு விழும்."

அன்று அவன் என்னிடம் நான்கு விரல் அகல நெற்றிப்பட்டை ஒன்று கேட்டான், நீலமணி கோத்தது. சேணம் தைக்கும் பெரிய ஊசியும் கேட்டான். பட்டையை யாரும் தூக்கிப் பார்க்கலாமே என்றேன்.

"தூக்க விடாது" என்றான்.

இடது கையை அதன் நெற்றியில் வைப்பான். அதே நொடியில் வலது கை ஊசியைத் தாடைக்கடியில் ஏற்றும். குதிரை தலையை உதறி எறியும். உடனே வெல்லம் கொடுத்துக் கழுத்தைத் தடவுவான். ஒரு மாதம் இதையே செய்தான். பிறகு ஊசி தேவைப்படவில்லை. கை நெற்றியை நெருங்கினாலே தலை கல்லெறிந்ததுபோல் மேலே போனது. அதை ஒருநாளும் அடிக்கவில்லை என்று அப்போதும் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஃபயூமிலிருந்து ஹாஜி ஷர்னூபி வந்தார், மகன் வஹ்தானின் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை தேடி.

"நெத்திய மட்டும் தொடாதீங்க ஹாஜி. குட்டியில அடி பட்டது. என்னையே தொட விடாது."

ஹாஜி கையை நீட்டினார். தலை விருட்டென்று போனது. "மானக்காரி!" என்று சிரித்து வாங்கிக்கொண்டார். எங்கள் தெருவில் ஒருவன் விற்கும்போது அடுத்தவன் வாய் திறப்பதில்லை.

கல்யாணத்துக்கு முந்தைய நாள் மருதாணி. குதிரையை ஆட்டுவிக்க உவைஸும் சேணம் கட்ட நானும் போயிருந்தோம். பெண்கள் குலவையிட்டார்கள். வஹ்தான் மருதாணி அப்பிய உள்ளங்கையைத் தூக்கிக் காட்டினான்.

"இதுக்கும் ஒரு கை வச்சு விடுறேன். இதுவும் எங்க வீட்டுப் பொண்ணுதானே."

உவைஸ் கத்தினான். மத்தளத்தில் கேட்கவில்லை. வஹ்தானின் கை பட்டையைத் தள்ளி நெற்றியில் பட்டதும் குதிரையின் மண்டை அவன் தாடையில் இடித்தது. பின்னால் சாய்ந்தவன் தலை தண்ணீர்த் தொட்டியின் கல்லில் மோதியது. மூன்றாம் நாள் இறந்துபோனான்.

அடக்கம் முடிந்து வந்த ஆண்கள் நான்கு பேர் குதிரையைக் கீழே தள்ளிக் கட்டிப் பட்டையை அறுத்தார்கள். கபர்ச் சுழி தெரிந்தது.

ஹாஜி உவைஸின் சட்டையைப் பிடித்தார். "தெரிஞ்சே குடுத்தியாடா?"

ஊசியைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் போதும். சாவின் பழி குதிரையை விட்டு அவன் பக்கம் திரும்பிவிடும். அவன் என்னைப் பார்த்தான். பட்டை என் கடையுடையது. நான் தரையைப் பார்த்தேன்.

"சத்தியமா தெரியாது ஹாஜி. அதுதான் தொடவே விடலியே."

ஹாஜி சட்டையை விட்டார். அவனைக் கட்டிக்கொண்டு அழுதார். "நீயும் ஏமாந்துட்ட, பாவம். இத இன்னொரு வீட்டுக்கு அனுப்ப மாட்டேன். சாகட்டும்."

ஊருக்கு வெளியே கூடாரம் போட்டிருந்த சர்க்கஸிலிருந்து லாரி வந்தது, சிங்கங்களின் தீனிக்காக. மூன்று பேர் இழுத்தும் குதிரை ஏறவில்லை. உவைஸைக் கூப்பிட்டார்கள். அவன் பலகையில் முன்னால் நடந்து நாக்கைச் சொடுக்கினான். நவ்வாரா காதுகளை முன்னால் நீட்டிக்கொண்டு பின்னாலேயே ஏறி, அவன் தோளில் மூக்கை வைத்து நின்றது.

"அருமையாப் பழக்கியிருக்க அண்ணே" என்றான் லாரிக்காரன்.

உவைஸ் அதன் தலைக்கயிற்றை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு இறங்கினான். கீஸா திரும்பினோம். எங்கள் தெருமுனையில் கயிற்றை என்னிடம் நீட்டினான்.

"புதுசுதான். எடுத்துக்க."

ஆணியில் மாட்டினேன். வெள்ளிக்கிழமைக்குள் விற்றுப்போனது.