மாதா முகம் திரும்பும் பக்கம்

பிரிஜிதாவுக்குப் பொறாமை வந்துவிட்டதா இல்லையா என்பது அந்தத் தெருவுக்கே காதில் விழுந்துவிடும். கல்லுரலில் பூண்டும் பாதாமும் இடிபடுகிற சத்தம் ஓங்கிக் கேட்டால், யாருக்கோ ஏதோ நல்லது நடந்திருக்கிறது என்று அர்த்தம். மாடி வீட்டுக்காரிக்கு இரட்டைப் பேரன்கள் பிறந்தபோது இடித்தாள். மீன்கடைக்காரன் மனைவி புதுப் பல்வரிசை கட்டிக்கொண்டு பூசைக்கு வந்து காரணமே இல்லாமல் சிரித்தபோதும் இடித்தாள். அப்படி இடித்த விழுதைப் பிசைந்து சாப்பிட்டால் ருசியே தனி. "அவளுக்கு வயிறு எரிஞ்சாத்தான் எனக்கு வயிறு நிறையும்" என்று கணவர் நுன்சியோ சிநேகிதர்களிடம் சொல்வார்.

சிசிலியின் மேற்கு ஓரத்தில், கடலுக்குள் நீட்டிய கத்தி மாதிரி கிடக்கிற த்ராபானியில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டவள் அவள். சின்ன வயதிலேயே சூரைமீன் டப்பாவில் அடைக்கிற ஆலைக்கு வேலைக்குப் போனாள். பக்கத்தில் நின்றவளின் டப்பா தன்னுடையதைவிட அழகாக அடுக்கப்பட்டிருந்தால் அன்று முழுக்க அவளோடு பேசமாட்டாள். நுன்சியோ ரயிலடிக் காப்பிக்கடையில் பரிமாறுகிறவராக இருந்தார். அதிகம் பேசமாட்டார். தட்டு ஏந்துகிற கை நடுங்காது. அந்தக் கையைப் பார்த்துத்தான் கட்டிக்கொண்டேன் என்பாள்.

இத்தனை பொறாமைக்காரிக்கும் வருடத்தில் ஒரு நாள் விடுமுறை உண்டு. அது பெரிய வெள்ளி. அன்று மட்டும் அவளைப் பார்த்து மற்றவர்கள் பொறாமைப்பட வேண்டும்.

பெரிய வெள்ளியன்று ஏசு பட்ட பாடுகளைக் காட்டும் சுரூபங்கள், ஆளுயரச் சிலைகள், கோயிலைவிட்டு ஊரைச் சுற்றப் புறப்படும். ஒவ்வொரு தொழில்காரருக்கும் ஒரு சுரூபம் சொந்தம். மீன்பிடிக்கிறவர்களுக்கு ஒன்று, உப்பளக்காரர்களுக்கு ஒன்று. எல்லாவற்றுக்கும் கடைசியாக வருகிற வியாகுல மாதா, ஹோட்டல்காரர்களுக்கும் பரிமாறுகிறவர்களுக்கும் உரியவள். நுன்சியோ முழங்கால் தேய்கிறவரை அவளுக்குத் தோள் கொடுத்தவர். தோளில் அத்திப்பழம் அளவுக்குக் காய்த்துப்போயிருந்தது. அந்த மரியாதைக்காக, தெருவைப் பார்த்த அவர் வீட்டு மாடத்துக்குக் கீழே வந்ததும் மரத்தால் ஆன கட்டைமணியை அடித்து மாதாவை நிறுத்துவார்கள். அவள் முகத்தை அந்த வீட்டுப் பக்கம் திருப்பி, தொட்டிலை ஆட்டுவதுபோல் மெல்ல ஆட்டுவார்கள். கறுப்புடையில் மாடத்தின் முன்கம்பியைப் பிடித்துக்கொண்டு பிரிஜிதா நிற்பாள். தெரு முழுக்க அவளை அண்ணாந்து பார்க்கும்.

அந்த மாடத்தில் அவளுக்குப் பின்னால் நிற்பவள் ஓரகத்தி நின்ஃபா. நுன்சியோவின் தம்பி சாரோ, வடக்கே தூரினில் கார் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனவன். ஒவ்வொரு ஈஸ்டருக்கும் மனைவியோடு அண்ணன் வீட்டில் வந்து இறங்குவான். முன்னறையில் மடக்குக் கட்டிலைப் போட்டுக் கொடுப்பார்கள். நின்ஃபா தலையணை சரியில்லை என்று ஒருநாளும் சொன்னதில்லை. கழுத்தை மட்டும் நீவிக்கொள்வாள். அது பிரிஜிதாவுக்குச் சொல்வதைவிட மோசமாகப்படும்.

இந்த வருடம் தவக்காலத்தில் நின்ஃபாவிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, இந்தத் தடவ உங்களுக்குச் சிரமம் குடுக்கல. எதுத்தாப்லயே ரூம் போட்டாச்சு."

எதிரே என்றால் பாரோன் வீடு. பாரோன் என்ற பிரபு வம்சம் ஒழிந்து, புறாக்கள் மட்டும் குடியிருந்த மாளிகை. மூன்று வருடத்துக்கு முன்பு யாரோ வாங்கி ஏழே அறைகள் உள்ள ஹோட்டலாக்கியிருந்தார்கள். பெயர்ப்பலகைகூடக் கிடையாது. தெரிந்தவர்கள் மட்டும் வருவார்களாம். வருகிறவர்கள் கல் பாவிய தெருவில் பெட்டியைக் கடகடவென்று உருட்டிக்கொண்டு வருவார்கள். கைத்தறித் துணியில் கசங்கிய சட்டை போட்டிருப்பார்கள். அதைக் கசங்கவிடுவதற்கும் தனியாகக் காசு கொடுத்திருப்பார்கள் என்பது பிரிஜிதாவின் கணிப்பு.

"நல்லதாப் போச்சு. சௌகரியமா இருங்க" என்று போனை வைத்தாள். அன்று சாயந்திரம் உரலில் கல்லே பேர்ந்துவிடும்போல இடித்தாள்.

பெரிய வியாழனன்று நின்ஃபா அவளை அறைக்குக் கூட்டிப்போனாள். அழைத்தால் போகாமல் இருக்க முடியாது. போனால் தாங்கவும் முடியாது. படிக்கட்டில் கால் வைத்ததிலிருந்தே ஒரு வாசனை வந்தது. எலுமிச்சைப் பூவும் பழைய மரமும் கலந்த வாசனை. அறையின் மேற்கூரையில் சதை பிடித்த தேவதூதர்கள் பறந்துகொண்டிருந்தார்கள். குளிக்கிற செம்புத்தொட்டியைக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நடுவீட்டில் வைத்திருந்தார்கள். எல்லாவற்றையும்விட அவளைக் குத்தியது அந்தச் சுவர்தான். காரை பெயர்ந்து, அடியில் இருந்த மூன்று காலத்துச் சாயங்களும் திட்டுத்திட்டாகத் தெரிந்தன. அதை அப்படியே விட்டு, மேலே விளக்குப் போட்டிருந்தார்கள்.

"இது ஏன் பூசல?"

"பூசக்கூடாதாம் அக்கா. அதுதான் இதோட அழகாம்."

"எங்க முன்னறைச் சுவரும் இதே அழகுதான். ஈரத்துல பேந்து கெடக்கு. அத யாரும் வந்து விளக்குப் போட்டுப் பாக்கல."

நின்ஃபா சிரித்தாள். கட்டிலில் ஆறு தலையணைகள் இருந்தன. அவள் கழுத்தை நீவவே இல்லை என்பதைப் பிரிஜிதா கவனித்தாள்.

பிறகு மாடத்துக்குப் போனார்கள். கல்லில் செதுக்கிய சிங்கமுகங்கள் தாங்கிநின்ற அகலமான மாடம். நேர் எதிரே, சற்றுத் தாழ, பிரிஜிதாவின் மாடம் தெரிந்தது. காயப்போட்ட நுன்சியோவின் உள்சட்டைகளும் தெரிந்தன. தன் வீட்டை இந்தப் பக்கத்திலிருந்து அவள் பார்த்ததே இல்லை. துருப்பிடித்த கம்பி, பிளாஸ்டிக் நாற்காலி, இவ்வளவுதானா என்று இருந்தது.

அப்போதுதான் நின்ஃபா சொன்னாள். இந்த ஹோட்டல் முதலாளியும் மாதா சங்கத்தில் சேர்ந்துவிட்டாராம். இந்த வருடப் பூ அலங்காரம் முழுக்க அவர் உபயமாம். தூக்குகிறவர்களுக்குக் காப்பியும் பலகாரமும் இங்கேதானாம். "அதனால மாதா இந்தப் பக்கம்தான் திரும்புவாங்கன்னு அவரு சொல்றாரு அக்கா. எதுவும் நிச்சயமில்ல. ஆனா சொல்றாரு."

அந்தத் தெருவின் அகலத்துக்கு மாதா ஒரு பக்கம் முகம் காட்டினால் மறுபக்கத்துக்கு முதுகுதான்.

பிரிஜிதா தலைவலி என்று சொல்லிக் கிளம்பினாள். வீட்டுக்குப் போகவில்லை. நேரே கோயிலுக்குப் போனாள். உள்ளே சுரூபங்களுக்குப் பூக்கட்டிக்கொண்டிருந்தார்கள். வியாகுல மாதாவின் பீடத்துக்கு அடியில் மெல்கியோர் குந்தியிருந்தான். அவன்தான் தூக்குகிறவர்களுக்குத் தலைவன், கட்டைமணி அவன் கையில்தான். தொழில் கற்றுக்கொள்ளும்போது நுன்சியோவுக்குக் கீழே தட்டுக் கழுவினவன்.

முகத்தை எங்கள் பக்கம் திருப்பு என்று யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. கேட்டு வாங்கினால் அது மரியாதை இல்லை, பிச்சை. அதைக் கேட்டவர்களைப் பற்றி ஊர் தலைமுறைக்கும் பேசும். ஆனால் மறுக்கமுடியாத வழக்கம் ஒன்று உண்டு. வீட்டில் யாராவது நோயில் கிடந்தால், மாதா அவர்களைப் பார்க்காமல் தாண்டமாட்டாள்.

"நுன்சியோ படுத்துட்டாருடா" என்றாள் பிரிஜிதா. "நெஞ்சுல ஏதோ."

மெல்கியோர் கையிலிருந்த லில்லியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான். அவன் கண் கலங்கியதைப் பார்த்தபோது அவளுக்குத் திக்கென்றது. ஆனாலும் சொன்னதைத் திருப்பி எடுக்கவில்லை.

"நீங்க போங்க அக்கா. அண்ணன் எங்க இருக்காரோ அங்க மாதா திரும்புவா. நான் பாத்துக்கறேன்."

மறுநாள் மதியம் மீன்குழம்பு ஊற்றிய குஸ்குஸ் ரவையைக் கணவர் சாப்பிட்டு முடிக்கிறவரை காத்திருந்து விஷயத்தைச் சொன்னாள். வேறொன்றும் செய்யவேண்டாம், மாடத்தில் நாற்காலி போட்டுக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தால் போதும். பேசக்கூட வேண்டாம், அது உங்களுக்குப் பழக்கம்தானே என்றாள்.

நுன்சியோ கையைத் துடைத்துக்கொண்டார். "இத்தன வருசம் மாதாவத் தூக்கியிருக்கேன், பிரிஜிதா. அவகிட்டப் போய் நடிக்கச் சொல்றியா?"

"நடிக்க வேணாம். உக்காருங்க."

அவர் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாவிட்டால் சரி என்று அர்த்தம், இத்தனை வருட இல்வாழ்க்கையில் அவள் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருக்கிறாள். மாடத்தில் நாற்காலியும் மடித்த கம்பளியும் போட்டுவிட்டு, தலைவாரிக் கறுப்புடை உடுத்த உள்ளே போனாள்.

அவள் உள்ளே இருந்தபோது எதிர்மாடத்தில் சாரோ வந்து நின்றான். நாற்காலியருகே நின்ற அண்ணனைப் பார்த்தான். வாய் திறக்காமல் விரல்களைக் குவித்து, பிறகு உள்ளங்கையைக் கீழ்நோக்கி அசைத்தான். வா என்று அர்த்தம். நுன்சியோ கம்பளியைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். சுவரில் மாட்டியிருந்த கறுப்புக் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு, முழங்காலைப் பிடித்தபடி, ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார்.

அதே நேரம் ஹோட்டலின் சமையற்கட்டில் நின்ஃபாவின் காதில் சேதி விழுந்திருந்தது. காப்பிக்கு முன்கூட்டியே வந்த சங்கத்துப் பையன்கள் நுன்சியோ அண்ணனுக்கு நெஞ்சு வலியாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் சாரோவிடம் சொல்லக்கூட மாடியேறவில்லை. சமையற்காரியிடம் ஒரு கிண்ணம் சூப்பு வாங்கினாள். பின்வாசல் வழியாக, கூட்டத்தை முழங்கையால் விலக்கிக்கொண்டு ஓடிவந்தாள். முன்வாசல் வழியாக நுழைந்த நுன்சியோவை அவள் பார்க்கவில்லை.

பிரிஜிதா கொண்டையில் ஊசி செருகிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது.

"பெரியத்தான் எங்க?"

நின்ஃபா படுக்கையறைக்குள் ஓடினாள். கட்டில் காலி. மாடத்துக்கு ஓடினாள். நாற்காலியில் கம்பளி மட்டும் கிடந்தது. கிண்ணத்தை ஏந்தியபடியே அவள் அழத் தொடங்கினாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயாச்சா, எனக்கு ஏன் சொல்லல, என்னைக் கூடப்பிறந்தவ மாதிரி நடத்துனவராச்சே என்று அழுகைக்கு நடுவே கேட்டாள். கணவர் எங்கே என்பது பிரிஜிதாவுக்கும் அப்போது தெரியாது. அதைவிட அவளைக் கலக்கியது இன்னொன்று. இந்த அழுகையில் துளியும் நடிப்பில்லை. நுன்சியோவுக்கு உண்மையிலேயே ஏதாவது ஆனால் தன்னால் இவ்வளவு நன்றாக அழமுடியுமா என்ற சந்தேகம் வந்து, அதிலும் ஓரகத்தி முந்திக்கொண்டாளே என்று ஒரு கணம் எரிந்தது.

தெருமுனையில் பறை கேட்டது. பிறகு பேண்டு வாத்தியத்தின் சாவுமெட்டு. இனி யாரும் தெருவைக் கடக்கமுடியாது. இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை தலைகள்தான்.

ஒவ்வொரு சுரூபமாகக் கடந்துபோய், கடைசியில் மாதா வந்தாள். கறுப்பு வெல்வெட்டு மேலங்கி, நெஞ்சில் வெள்ளிக் கத்தி, காலடியில் ஹோட்டல்காரரின் வெள்ளைப் பூக்கள். மெல்கியோர் மாதாவுக்கு முன்னால் பின்னோக்கி நடந்தபடி தூக்குகிறவர்களை வழிநடத்திக்கொண்டு வந்தான். பிரிஜிதாவின் வீட்டுக்கு நேராக வந்ததும் கட்டைமணியை அடித்தான். மாதா நின்றாள். தெரு வாயடைத்தது.

அவன் அண்ணாந்து அவள் மாடத்தைப் பார்த்தான். இரண்டு பெண்கள் நின்றார்கள், நாற்காலி காலியாக இருந்தது. அவன் முகம் வெளிறிப்போனதைப் பிரிஜிதா மேலிருந்தே கண்டாள். அண்ணன் செத்துப்போனார் என்றே நினைத்திருப்பான். அப்போது எதிரிலிருந்து சாரோ ஒன்றும் அறியாமல் ஊர்க்காரனைக் கண்ட சந்தோஷத்தில் கையை ஆட்டினான். மெல்கியோர் திரும்பினான். அங்கே, சிங்கமுகங்களுக்கு மேலே, கறுப்புக் கோட்டில் நுன்சியோ கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். நல்ல கட்டிலும் காற்றோட்டமும் உள்ள இடத்துக்கு நோயாளியைத் தம்பி கூட்டிவந்துவிட்டான் போலிருக்கிறது என்று மெல்கியோர் கணக்குப் போட்டிருக்கவேண்டும். அவன் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு கட்டைமணியை மறுபடி அடித்தான்.

மாதா மெல்லத் திரும்பினாள். ஹோட்டல் பக்கம்.

வேறெந்த வருடமும் அவ்வளவு நேரம் ஆட்டியதில்லை. நோயாளிக்காக அல்லவா. தூக்குகிறவர்களில் பலர் அழுதுகொண்டே ஆட்டினார்கள். மேலே நுன்சியோவும் அழுதார்.

நின்ஃபாவின் அழுகைதான் நின்றிருந்தது. "பெரியத்தான் அங்க நிக்காரு" என்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு நன்றாகப் பார்த்தாள். "பக்கத்துல ஒயின் கிளாஸ் வேற இருக்கு."

பிரிஜிதா கொண்டையூசியைச் சரிசெய்தாள்.

"நெஞ்சு வலின்னு யாரு சொன்னது அக்கா?"

நின்ஃபா முட்டாள் இல்லை. காலி நாற்காலி, மடிப்புக் கலையாத கம்பளி, ஓரகத்தியின் புதுக் கொண்டையூசி எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"நான் எதுக்கு அந்த ரூமைப் போட்டேன் தெரியுமா? தலகாணிக்கா? தொட்டிக்கா? கல்யாணம் ஆனதுலேர்ந்து பெரிய வெள்ளிக்கு வாறேன். மாதா முகத்த ஒருநாள் முழுசாப் பாத்ததில்ல. உங்க கொண்டையத்தான் பாத்திருக்கேன்." குரல் உயரவே இல்லை. "இன்னைக்குப் பாத்திருப்பேன். அத்தானுக்கு முடியலன்னு கேட்டு ஓடியாந்தேன்."

பிரிஜிதா அவளுக்குப் பின்னால் நின்றிருந்தாள். அழுதுகொண்டு முதலில் மாடத்துக்கு ஓடியவள் நின்ஃபா என்பதால் முன்கம்பி அவள் கையில் இருந்தது. மாதாவின் முதுகிலும் பாதிதான் தெரிந்தது, மீதியை ஓரகத்தியின் தோள் மறைத்தது.

"கொஞ்சம் தள்ளிக்கோ" என்றாள் பிரிஜிதா.

"எதுக்கு? முதுகுதானே."

அவள் நகரவில்லை. பிரிஜிதா குதிகாலை உயர்த்தி நின்றாள். கறுப்பு மேலங்கியின் தையல் தெரிந்தது, பின்வரிசைக்காரர்களின் வேர்த்த கழுத்துகள் தெரிந்தன. அதற்கு மேலே நுன்சியோவின் முகம் தெரிந்தது. எதையும் கேட்காத மனிதர், மாதா இவ்வளவு கிட்டத்தில் வந்து தன்னை மட்டும் பார்ப்பதைத் தாங்கமுடியாமல், உதடு கோணி, குழந்தை மாதிரி நின்றார். அப்படி ஒரு முகம் அவருக்கு உண்டு என்பதே அவளுக்குத் தெரியாது. இந்த மாடத்தில் முன்னால் நின்ற எந்த வருடத்திலும் தனக்கு அப்படி வந்ததில்லை என்பது மட்டும் தெரிந்தது.

கட்டைமணி ஒலித்து மாதா நகர்ந்தாள். இன்று ராத்திரி அந்த மனிதருக்கு எதிரே உட்கார்ந்து சோறு போடவேண்டும் என்று நினைத்தபோதே பிரிஜிதாவுக்கு வயிறு பற்றிக்கொண்டு வந்தது.