அடைப்புக்குள் ஒரு வரி

இரத்தினம்மாவைப் போய்ப் பார்த்துவிட்டு வரும்படி ராஜலிங்கம் என்னைக் குண்டசாலைக்கு அனுப்பினார். அவர், இரத்தினம்மா சாட்சி சொல்லவும் நான் மொழிபெயர்க்கவும் இருந்த ஒரு கூட்டத்தை ஒழுங்கு செய்த நிறுவனத்தின் ஆள், யாழ்ப்பாணத்துக்காரர். "பாவம், நொந்துபோன மனுசி. பார்த்துக் கதையுங்கோ, கைரியா மிஸ்" என்றார்.

பாவமாவது! கதவைத் திறந்த மனுசி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இங்கிலீசு டீச்சர் வருவாங்கன்னு சொன்னாங்க. இம்புட்டுக் குள்ளமாவா இருப்பீங்க?" என்று கேட்டார். தைத்துக்கொண்டிருந்த பள்ளிக்கூடச் சட்டையை மெஷினிலேயே விட்டுவிட்டு, செயற்கைக் காலைத் தரையில் டக்கென்று ஊன்றிக்கொண்டு தேத்தண்ணி போடப் போனார். எனக்கு அந்த நிமிஷமே அவரைப் பிடித்துவிட்டது.

நான் மடவளையில் இங்கிலீஷ் படிப்பிக்கிறவள். லீவு நாட்களில் கூட்டங்களுக்குப் போய் மொழிபெயர்ப்பேன். போர் முடிந்த சில வருடங்களில் கண்டியில் கூட்டத்துக்குப் பஞ்சமே இல்லை. வெள்ளைக்காரர்களுக்குக் குளிரும் பிடிக்கும், பெரஹரா ஊர்வலமும் பிடிக்கும், நடுவில் எங்கள் கண்ணீரும் கொஞ்சம் வேண்டும்.

இரத்தினம்மா கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர்களின் லய வீட்டு வரிசையில் பிறந்தவர். எழுபத்தேழுக் கலவரத்தில் அந்த லயத்துக்கு நெருப்பு வைத்தார்கள். தகப்பன் பழனியாண்டி பெண்டாட்டி பிள்ளைகளை லொறியில் ஏற்றிக்கொண்டு கிளிநொச்சிப் பக்கம் போய்க் காடு வெட்டினார். தேயிலைக் கொழுந்தைத் தவிர வேறெதையும் கையால் தொட்டறியாத பிள்ளை அங்கே மிளகாய் நட்டுப் பழகியது. தங்களைப் போலவே தோட்டத்திலிருந்து ஓடிவந்த கறுப்பையாவைக் கட்டினார். இருவருமாகக் கிணறு வெட்டினார்கள், வீடு கட்டினார்கள், ஜீவமலர் என்று ஒரு மகளைப் பெற்றார்கள். பிறகு யுத்தம் அவர்களை ஊர் ஊராக விரட்டி, கடைசியில் முள்கம்பி முகாமில் கொண்டுபோய்ப் போட்டது.

முகாமிலிருந்து திரும்பிய முதல் மழைக்காலம். பாத்தி கட்டுவதற்காகக் கறுப்பையா மண்வெட்டியைப் போட்டார். வெடித்தது. அவரைத் தூக்க ஓடிய இரத்தினம்மா அடுத்ததை மிதித்தார்.

"ஓடியிருக்கக் கூடாதுன்னு ஆசுபத்திரியில சொன்னாங்க டீச்சர். புருசன் கெடக்கிறப்ப எவ மெல்ல நடந்து போவா?" என்றார். அதைச் சொல்லும்போது அவர் அழவில்லை. தேத்தண்ணிக் கோப்பையை என் பக்கம் நகர்த்தினார்.

கால் போட்டுக்கொள்ளக் கண்டிக்கு வந்தவர், தங்கச்சி வீட்டில் ஒரு அறையில் தையல் மெஷினோடு தங்கிவிட்டார். மகள் புருஷனோடும் பிள்ளைகளோடும் அதே காணியில்தான் இருந்தாள். வேறு எங்கே போவாள்? கண்ணிவெடி அகற்றுகிற ஆட்கள் வந்து பாதிக் காணியைத் துப்புரவாக்கினார்கள். அப்புறம் வெளிநாட்டுப் பணம் நின்றுவிட்டது என்று சாமான்களைக் கட்டிக்கொண்டு போனார்கள். கிணற்றுக்கு இந்தப் பக்கம் வீடு. அந்தப் பக்கம் சிவப்புத் தலைக் கம்புகளும் மண்டையோட்டுப் பலகையும். பேத்தி எழுத்துக் கூட்டி வாசித்த முதல் சொல்லே அந்தப் பலகையில் இருந்ததுதான்.

கூட்டம் கட்டுகஸ்தோட்டையில், ஆற்றைப் பார்த்த ஒரு ஹோட்டலில் நடந்தது. ஆயுதம் செய்து விற்கிற நாடுகளும் வாங்குகிற நாடுகளும் உட்கார்ந்து, யாருக்கு விற்பது, யாருக்கு விற்கக் கூடாது, விற்றது யார் கையில் போய்ச் சேர்கிறது என்று ஒரு கூட்டறிக்கை எழுதவேண்டும். அதில் ஒரு வரி இருந்தது: ஆயுதத்தை விற்ற நாடு, அது வெடிக்காமல் கிடக்கிற மண்ணைத் துப்புரவாக்கும் பொறுப்பை ஏற்க வேண்டும். அந்த வரியைச் சதுர அடைப்புக்குள் போட்டிருந்தார்கள். எல்லோரும் ஒத்துக்கொள்ளாத வரியை அப்படி அடைத்து வைப்பது ராஜதந்திரிகளின் பழக்கம்.

"அந்த வரி நிண்டுதெண்டால் உங்கட காணிக்குத் திரும்பவும் ஆக்கள் வருவினம், அம்மா. நீங்கள் கதைச்சால் நிக்கும்" என்று ராஜலிங்கம் கூட்டத்துக்கு முன்னால் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. நம்பித்தான் சொன்னார், அதுதான் கொடுமை.

இரத்தினம்மா தாளை வாங்கிப் பார்த்தார். "இதுக்கு மட்டும் ஏன் வேலி போட்டு வச்சிருக்காங்க?"

"இன்னும் முடிவாகல்ல. முடிவானா வேலிய எடுத்திருவாங்க" என்றேன்.

"நம்ம காணி மாதிரிதான்" என்றார்.

அவர் பேசுவதற்கு முன் கூட்டத் தலைவரிடமிருந்து ஒரு கட்டளை வந்தது: எந்த நாட்டின் பெயரும் வாயில் வரக்கூடாது. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. செத்தவனின் பெயரைச் சொல்லலாம், விற்றவனின் பெயரைச் சொல்லக்கூடாதாம். இரத்தினம்மாவோ, "எனக்கு அது எந்த நாடுன்னு எங்க தெரியும், விடுங்க டீச்சர்" என்று என் தோளைத் தட்டினார்.

எங்கள் தொழிலில் 'அவர் சொல்கிறார்' என்று சொல்வதில்லை. பேசுகிறவராகவே மாறி, 'நான்' என்றுதான் சொல்லவேண்டும். 'என் புருஷன் பாத்திக்குள் கிடந்தார்' என்று இங்கிலீஷில் நான் சொன்னபோது என் குரல் உடைந்தது. வீட்டில் உயிரோடு இருக்கிற என் மனுசன் நினைவுக்கு வந்தார், அல்லாஹ் காப்பாற்ற வேண்டும்.

கடைசியில் இரத்தினம்மா தாளைப் பார்க்காமல் பேசினார். "வித்தது யாருன்னு நான் கேக்கல. கடையில வாங்குன மீன் நாறிப்போச்சுன்னா, வித்தவன்கிட்டதான் கொண்டுபோய்ப் போடுவோம். இத நாங்க தூக்கிட்டு வர முடியாதுங்க. தூக்குனா வெடிக்கும். அதனால நீங்க வந்து உங்க சாமானப் பொறுக்கிட்டுப் போங்க. என் பேரப்புள்ளைக அங்க வெளையாடுதுக."

முன்வரிசையில் ஒரு தூதர் கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார். தலைவர் எழுந்து, கறுப்பையாவுக்காக ஒரு நிமிடம் மௌனம் காப்போம் என்றார். எல்லோரும் எழுந்து நின்றார்கள். பிறகு கை தட்டினார்கள்.

தேநீர் இடைவேளையில் அவரைத் தேடிப் போனேன். ஆற்றோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மகளோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"பாஸாயிருச்சுடி மலரு! எல்லாரும் எந்திரிச்சு நின்னுட்டாங்க. ஒருத்தன்கூட உக்காரல. ஆமாடி, வெள்ளைக்காரனுகளுந்தான்!"

எனக்குத் தலையில் இடி விழுந்தது போலிருந்தது. போனை வைத்தபிறகு கேட்டேன். அவர்கள் தோட்டத்துச் சங்கக் கூட்டத்தில் கை தூக்கி முடிவெடுப்பதில்லையாம். கை தூக்கினால் முதலில் தூக்கியது யார் என்று துரை காதுக்குப் போய்விடும், அவனுக்கு மறுநாள் வேலை இருக்காது. அதனால் தலைவர் தீர்மானத்தை வாசித்ததும், சம்மதமென்றால் எல்லோரும் ஒன்றாக எழுந்து நிற்பார்கள். ஒருவன் உட்கார்ந்தாலும் தீர்மானம் விழுந்தது. கிளிநொச்சிக்குப் போன பிறகும் கோயில் கூட்டம், மாதர் சங்கம் எல்லாவற்றிலும் அதே வழக்கம்தான். ஜீவமலரும் அதைப் பார்த்துத்தான் வளர்ந்தவள்.

"இரத்தினம்மா, அது மௌத்தாப்போன ஒங்கட மனுசனுக்கு மரியாதக்கி எழும்பின. இன்னும் ஒண்டும் பாஸாகல்ல" என்று அங்கேயே சொன்னேன்.

அவர் சிரித்தார். "மரியாதைக்கே இருக்கட்டும் டீச்சர். எந்திரிச்சு நின்ன மனுசன், திரும்ப உக்காந்துக்கிட்டு மாத்திப் பேசுவானா?"

பகல் சாப்பாட்டுக்குப் பின் அறிக்கையை வரி வரியாக எடுத்தார்கள். விருந்தாளிகள் போகலாம் என்றார்கள். இரத்தினம்மா அசையவில்லை. பின்வரிசையில் என் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தார், நான் காதுக்குள் மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவருடைய வரி வந்தது. காலையில் மூக்கைச் சிந்திய அதே தூதர்தான் முதலில் பேசினார். கைக்குட்டை இன்னும் மேசையில் கிடந்தது. காலையில் கேட்ட சாட்சியம் தன் உள்ளத்தை உலுக்கிவிட்டது என்றார். ஆனாலும் 'பொறுப்பு' என்ற சொல்லுக்குச் சட்டத்தில் வேறு கனம் இருக்கிறதாம், அவருடைய தலைநகரத்து அரசு அதைத் தாங்காதாம். இன்னொருவர், இதைப் பற்றி எதிர்காலத்தில் கலந்துரையாடுவதன் முக்கியத்துவத்தை நினைவுகூர்கிறோம் என்று போடலாமே என்றார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். அறிக்கையின் கடைசியில், பாதிக்கப்பட்ட ஒருவரின் வாக்குமூலம் ஆழ்ந்த பாராட்டுதலுடன் செவிமடுக்கப்பட்டது என்று புதிதாக ஒரு வரி சேர்த்தார்கள். அதற்கு அடைப்பே போடவில்லை. சண்டாளர்கள்!

"வேலிய எடுத்தாச்சா?" என்று கேட்டார் இரத்தினம்மா.

"எடுத்தாச்சு."

"உள்ளுக்க இருந்தது?"

"அதையும் எடுத்திட்டாங்க, இரத்தினம்மா."

அவர் காலை ஊன்றி எழுந்தார். ராஜலிங்கம் நினைவுப் பரிசொன்றைக் கையில் வைத்துக்கொண்டு வாசல் வரைக்கும் பின்னாலேயே ஓடிவந்தார். அவர் கண்ணும் சிவந்திருந்தது. "ஒரு சொல்லாவது சொல்லிப்போட்டுப் போங்கோ அம்மா" என்று கெஞ்சினார்.

"எழவு வீட்டுல யாருங்க சொல்லிட்டுப் போறது?" என்று கேட்டுவிட்டு இரத்தினம்மா திரும்பிப் பாராமல் நடந்தார்.

குண்டசாலைக்கு ஒரு த்ரீவீலர் பிடித்தேன். ஆற்றுப் பாலத்தைக் கடந்ததும் அவர் டிரைவரை ஓரமாக நிறுத்தச் சொன்னார். மகளுக்குப் போன் எடுத்தார். அந்தப் பழைய போனில் மறுபக்கம் பேசுவது பக்கத்தில் இருக்கிற எனக்கும் நன்றாகக் கேட்கும்.

"மலரு, காலையில சொன்னத மறந்துரு. அது பாஸாகல."

"என்னம்மா சொல்ற? நான் சின்னவகிட்ட சொல்லிட்டேனே, இனி ஆளுக வந்து வெடியெல்லாம் எடுத்திருவாங்க, கெணத்தடியில பயமில்லாம வெளையாடலாம்னு. பந்த எடுத்துக்கிட்டுப் போயிட்டாளே!"

"கூப்பிடுடி அவள. ஓடாம வரச்சொல்லு. போன வைக்காத."

அந்தப் பக்கம் ஜீவமலர் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கத்துவது கேட்டது. மறுபடியும் கத்தினாள். இரத்தினம்மா என் கையைப் பிடித்தார், நகம் பதிந்தது. நான் தெரிந்த ஓதல்களையெல்லாம் ஓதினேன். டிரைவர் எஞ்சினை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான். பிறகு எங்கேயோ தூரத்தில், "என்னம்மா?" என்று சிணுங்கலாக ஒரு குரல்.

"வந்துட்டாம்மா" என்றாள் ஜீவமலர். அவளுக்கு மூச்சு வாங்கியது. "கம்புக்கு அந்தப் பக்கம் போகல. வந்துட்டா."

இரத்தினம்மா என் கையை விடவில்லை.

"அப்ப அவங்க எல்லாரும் ஏம்மா எந்திரிச்சு நின்னாங்க?"

"உங்கப்பாவுக்குடி" என்றார் இரத்தினம்மா. "அவரு செத்ததுக்கு."