ஓர்கனுக்கு எழுந்து நின்ற அம்மா

இன்று ரயிலில் இனிப்புச் சோளப்பொரியும் பியரும் கலந்த வாடை வந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டேன். ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் இப்போது உடற்பயிற்சிக்கூடமாகிவிட்ட பழைய தியேட்டரும், செருப்பைப் பிடித்திழுக்கும் அதன் பிசுபிசுத்த தரையும், இருக்கைக்கடியில் விரலில் ஒட்டிய யாருடையதோ சூயிங்கம்மும், சீ, அப்படியே திரும்பி வந்தன. யூரோ நாணயம் வந்த புதிதில், ஊமைப் பேய்ப்படத்துக்கு ஜெர்மன் மொழி தேவையில்லை என்று அப்பா எங்களைக் கூட்டிப்போனார். விளக்கணைந்து, படத்துக்குப் பின்னணி இசையாக ஓர்கன் வாத்தியம் முழங்கியதும், மாதா கோயிலில் பூசை தொடங்கியதுபோல அம்மா எழுந்து சிலுவை அடையாளம் போட்டார்.

"சீட்டில இருமப்பா, இது கோயில் இல்லை," என்றார் அப்பா.

"ஓர்கன் வாசிக்கேக்கை எப்பிடியப்பா இருக்கிறது?"

பின்வரிசை, வாயிலிருந்த பியர் தெறிக்கச் சிரித்தது. அந்த இளஞ்சூட்டு ஈரம் என் கழுத்தில் வழிந்தது.

இன்றும் கோயிலில் ஓர்கன் தொடங்கினால், மற்றவர்கள் எழுந்துவிட்டார்களா என்று பார்த்துவிட்டுத்தான் அம்மா எழுகிறார்.