நான் பார்க்காமல் விட்ட திகதி

புவாண்ட்-கிளேர் என்ற ஊரில் ஒரு கம்பனியில் மட்டும் வேலை செய்ய என் கணவருக்கு அனுமதி கிடைத்திருந்தது. அதை வைத்துத்தான் எனக்கும் வேலை அனுமதி. பத்திரங்கள் அவர் பொறுப்பென்று இருந்துவிட்டேன்.

போன மாசியில், பகலில் மகளைப் பார்த்துக்கொள்ளும் கார்டெரியில் அனுமதிப் பத்திரத்தின் பிரதி கேட்டார்கள். எடுத்துப் பார்த்தால், இருவருடையதும் முடிந்து பதினெட்டு நாள். அன்றும் நான் கடைக்கு வேலைக்குப் போய் வந்திருந்தேன்.

"கம்பனி புதுப்பிக்கேல்லையோ?" என்று கணவரிடம் கேட்டேன்.

அவர் சப்பாத்தோடேயே நிலத்தில் இருந்துவிட்டார். "வேலை போய் மூண்டு மாசம். வேறை வேலை கிடைச்சாப் பிறகு சொல்லுவம் எண்டு இருந்தனான்."

ஒவ்வொரு நாளும் சாப்பாடு கட்டிக்கொடுத்து அனுப்பியவள் நான்.

மறுநாள் ஒரு தமிழ் வழக்கறிஞரிடம் போனோம். "முடிய முதலே விண்ணப்பிச்சிருந்தால் பயமில்லாமல் இருந்திருக்கலாம். முடிஞ்சு தொண்ணூறு நாள் தாண்டாதபடியால், விசிட்டராக இருக்கவாவது கேட்டுப் பாப்பம். ரெண்டு பேரும் வேலைக்குப் போகக் கூடாது" என்றார்.

விண்ணப்பித்து ஐந்து மாதமாகிறது. பதில் இல்லை. கார்டெரியில் மகளின் இடமும் போய்விட்டது.

இப்போது குடிவரவிலிருந்து வரும் மின்னஞ்சல் எதையும் நான்தான் முதலில் திறந்து வாசிக்கிறேன். அவர் பக்கத்தில் நிற்பார்.