குணரத்தினம் அண்ணையின் பால்மா ரின்

சென்ற மாதம் ஒரு காலை, வேலைக்குப் புறப்படும் நேரத்தில் தொலைபேசி அடித்தது. "குணரத்தினம் அண்ணை மோசம் போயிட்டார். நித்திரையிலையே உயிர் போச்சாம்" என்றார் பார்க்டேலில் இருக்கும் நண்பர். எனக்கு முதலில் வந்த நினைப்பை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இனிக் கார் வாங்குகிறவர்கள் யாரைக் கேட்பார்கள்? என்னைக் கேட்பார்களா? அதன் பிறகுதான் கதிரையில் இருந்து அழுதேன்.

அவரைத் தெரிந்த உங்களுக்கு அவர் கார் பார்க்கும் கதை புதிதல்ல. எழுபதுகளின் தொடக்கத்தில் ரொறன்ரோவில் எங்கள் ஆட்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருந்தார்கள். அவர் பிஸ்கற் தொழிற்சாலைக் களஞ்சியத்தில் வேலை செய்தார். ஊரில் சைக்கிளைத் தவிர எதையும் ஓட்டாதவர். நான் பட்டம் பெற்ற எஞ்சினியர். ஆனாலும் சின்னக் கார் வாங்கவென்றால் எல்லோரும் அவரைத்தான் கூட்டிக்கொண்டு போனார்கள். எனக்கு வயிறு எரியும்.

போகும்போது பால்மா வந்த வெறும் தகர ரின் ஒன்றைக் கக்கத்தில் வைத்திருப்பார். குடும்பம் முழுவதையும் காருக்குள் ஏற்றிவிட்டு, விற்பனையாளர் சிரிக்கச் சிரிக்க நிலத்தில் குந்தி, ரின்னை நிமிர்த்தி வைத்து ஒரு தடியால் காருக்கு அடியில் தள்ளுவார். விழாமல் மறுபக்கம் வந்தால்தான் கார் தேறும். "வெறுங்கார் எல்லாம் உயரம்தான். ஆக்களை ஏத்திப்போட்டுப் பாருங்கோ" என்பார். குளிர்கால ரயருக்கும் ஒரு வசனம் வைத்திருந்தார்: "மெல்லிசு பனியை வெட்டிக்கொண்டு போகும். அகலம் மேலை மிதக்கும்."

என் முறை வந்தபோது மனைவி, "அண்ணையையும் ஒருக்கால் கேளுங்கோவன்" என்றாள். அந்த ஒரு சொல்லுக்காகவே நான் தனியாகப் போனேன். காரின் அடிக்கும் நிலத்துக்கும் இடையை அடிமட்டத்தால் அளந்து, சிவப்பு நிறத்தில் ஒரு சின்னக் காரை வாங்கினேன். பார்வைக்கு உறுதியாக இருந்த அகலமான ரயர்களைப் போட்டேன்.

அந்த மாசியில் மனைவிக்குத் தாதிப் பரீட்சை. தவறினால் இன்னும் ஒரு வருடம் ஆஸ்பத்திரியில் உதவியாளாகவே மற்றவர்களின் படுக்கை விரிப்பு மாற்ற வேண்டும். அவளோடு பரீட்சை எழுதும் இரண்டு பெண்களையும் பின்னால் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். பனி வழிக்கும் வண்டி எங்கள் வாசலில் வரம்பு மாதிரிப் பனியைக் குவித்துவிட்டுப் போயிருந்தது. ஆள் பாரத்தில் தணிந்த கார் அதன்மேல் வயிறு பட இருந்துவிட்டது. அகல ரயர்கள் சும்மா சுழன்றன. மனைவி என்னைக் கேட்கவில்லை. உள்ளே போய் அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தாள்.

இரவு வேலை முடிந்து வந்த மனிதர், தூங்காமல் வந்தார். மூவரையும் தன் பழைய காரில் கொண்டுபோய் நேரத்துக்கு இறக்கிவிட்டு, திரும்பி வந்து என்னோடு பனி கிண்டினார். "நீங்கள் அளந்தது சரி, எஞ்சினியர். காருக்குள்ளை ஆக்கள் இருக்கேல்லை, அவ்வளவுதான்" என்றார். மனைவி சித்தியடைந்தாள். நடந்ததை அவர் ஒருவருக்கும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவரை வெறுப்பது எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அவருடைய செத்தவீட்டுக்கு நான் மெல்லிய ரயர்களில்தான் போனேன். "இது உங்களுக்குத்தான் உதவும்" என்று அவர் மனைவி அந்த ரின்னை என் கையில் தந்தார்.

போன சனிக்கிழமை, புதிதாக வந்த ஒருவர் கார் பார்க்க என்னை அழைத்தார். இத்தனை வருடம் நான் காத்திருந்த அழைப்பு. குடும்பத்தை ஏற்றி, குந்தி, ரின்னைத் தள்ளினேன். "நல்ல யோசினை அண்ணை, நீங்களே கண்டுபிடிச்சதோ?" என்றார். "ஓம்" என்று சொல்ல வாய் உன்னியது. "இல்லை. குணரத்தினம் அண்ணையின்ரை" என்றேன்.

"அப்ப அவரையும் ஒருக்கால் கூட்டிக்கொண்டு வரேலாதோ?" என்றார் அவர்.

ரின் என்னிடம் இருக்கிறது. பொறாமையும் இருக்கிறது. அவரையும் ஒருமுறை கூட்டிக்கொண்டு வர முடிந்திருந்தால், இரண்டையும் கொடுத்திருப்பேன்.